குளிர்பெட்டியில் உப்புக்கண்டம்

வசந்தாமணியை ஒரு தட்டுச் சோறு தின்ன வைக்காமல் ஓய்வதில்லை என்று அந்த ஐப்பசியில் சபதம் போட்டேன்.

எண்பத்து நாலாம் வருடம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் வயரிங் மேஸ்திரி. என் மனைவியை விஷக்காய்ச்சல் ஒரு மாதம் படுக்கையில் போட்டது. போகும்போது அவள் நாக்கு ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோற்றைப் போட்டால் விரலால் கோலம் போடுவாள்.

"என்னதான் புள்ள வேணும் உனக்கு?"

"உப்புக்கண்டம் இருந்தா ரெண்டு வாய் எறங்குமுங்க."

நல்ல நேரம் பார்த்துக் கேட்டாள்! ஆட்டுக்கறியில் உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி, நூலில் கோத்து, நாள் கணக்கில் வெயிலில் காய வைக்க வேண்டும். வெளியே அடைமழை. சூரியன் மெடிக்கல் லீவில் இருந்தான்.

"வெயிலு இல்லாட்டி என்ன? நானே வெயிலு செய்யறேன்" என்றேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான் கடையில் செத்துக் கிடந்த பிரிட்ஜ் ஒன்றை லாரியில் ஏற்றி, மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பக்கவாட்டில் ஓட்டை போட்டேன். ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தேன். அடியில் பெரிய பல்பு, முதுகில் சின்ன ஃபேன், நெற்றியில் லாரி இண்டிகேட்டர்.

"பாத்துக்க புள்ள. இனி இது குளிர்பெட்டி இல்ல, உலர்பெட்டி!"

"பாத்துங்க, அழுகல்பெட்டி ஆயிராம. அந்த மஞ்ச லைட்டு எதுக்குங்க?"

"வேலை நடக்குதுன்னு காட்டறதுக்கு."

"நாங்கூட ஊடு எடதுபக்கம் திரும்பப் போகுதோன்னு நெனச்சனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதற்கே அந்தப் பெட்டிக்கு மாலை போடலாம்.

அவள் கறியைக் கோத்துக் கொடுத்தாள். நான் உள்ளே தொங்கவிட்டேன்.

"பொழுதன்னிக்கும் தொறந்து பாக்காதீங்க. சூடு எறங்கீரும்" என்றாள்.

என்னோடு குடும்பம் நடத்தி இவளுக்கும் எலெக்ட்ரிகல் வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். மறுநாள் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. தவித்தேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க. நீங்க பட்டறைக்குப் போங்க."

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சின்ன வெங்காயத்தோடு வதக்கிய உப்புக்கண்டம் தட்டுக்கு வந்தது. எனக்குப் போட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தின்றாள். சட்டியை இழுத்து மறுபடியும் சோறு போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னாச்சுங்க?"

"காரம்."

இதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? தெருவெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குப்பாயி அக்கா ஆட்டுக்கறியோடு வந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, பட்டாளத்துப் பையன் லீவுல வாரான். உன்ற பொட்டியில கொஞ்சம் காயவெச்சுத் தாறியா?"

"அதுக்கென்னங்கக்கா, குடுங்க!"

வசந்தாமணி என் முதுகில் கிள்ளினாள். ஆசையில் கிள்ளுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தேன். பல்பு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. கறியைக் காணோம்!

"வசந்தா! திருடன் பூந்துட்டான்!"

"சத்தம் போடாதீங்க. குப்பாயக்கா காதுல உழுந்துரும்."

கையைப் பிடித்துப் பின்பக்கம் பொடக்காணிக்கு இழுத்துப் போனாள். நாங்கள் குளிக்கிற இடம். வெந்நீர் அடுப்புக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே, மூங்கிலில் குப்பாயி அக்காவின் கறி தோரணம் கட்டிப் புகையில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப நம்ம கறி?"

"பொட்டியில வெச்சது கரண்டு போன அன்னைக்கே நாறிப்போச்சுங்க. குழி தோண்டிப் பொதச்சுட்டேன்."

"நான் தின்னது?"

"கோக்கறப்பவே பாதிய எடுத்து இங்க கட்டீட்டனுங்க."

"எம்மேல நம்பிக்கையே இல்லையா புள்ள?"

"உங்க மேல இருக்குதுங்க. கரண்டு மேலதான் இல்ல."

"தெனமும் இதுக்குக் கீழதான குளிச்சேன்?"

"சோப்பு போட்டா நீங்க கண்ணத் தொறக்கறதே இல்லீங்களே."

"அப்பவே சொல்லியிருக்கலாமுல்ல?"

தலையைக் குனிந்துகொண்டாள். "மழையில நனஞ்சு பொட்டியக் கொண்டாந்தீங்க. தகரம் அறுத்துக் கையெல்லாம் காயம். எனக்கோசரம் இத்தனையும் பண்ணுன மனுசங்கிட்ட, அது தோத்துப்போச்சுன்னு எப்பிடிங்க சொல்றது?"

அடுப்புப் புகை கண்ணுக்கு வசதியாக இருந்தது.

குப்பாயி அக்கா தன் கறியை மோந்து பார்த்து, "கரண்டுல காஞ்சதுக்கே இத்தன பொகை வாசமா!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். மறுநாள் காலையில் வாசலில் தூக்குப் போசி நிறையப் பச்சைக் கறியோடு ஒரு கூட்டம். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே கிளம்பினேன்.

பின்பக்கமிருந்து வசந்தாமணி கூப்பிட்டாள்: "ஏனுங்க மேஸ்திரி, கறிய வாங்கி வெச்சுட்டு வந்து வெறகப் பொளந்து போடுங்க."