மூன்று மெய் மிஞ்சிய நாடு

ஓதைநாடு என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்க வேண்டாம். கேள்வி கேட்டவர்களுக்கு அங்கே நல்லது நடந்ததில்லை. அதை ஆண்ட மணிமௌலிப் பெருவேந்தர் மறைவு என்ற ஒன்றைத் தவிர வேறு எதற்கும் பயப்படாதவர். அரண்மனைத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றச் சொன்னார். பெட்டிகளுக்கு மூடி கூடாது என்றார். பெட்டிகளில் எலி குடியேறியது வேறு விஷயம்.

அந்நாட்டின் பேச்சுத்துறையில் மெய்யம்மை ஒலியாய்வாளராக இருந்தாள். ஆட்களை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வாள். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து, 'ப' என்றால் அது துள்ளுவதைக் குறித்துக்கொள்வாள். மூக்கின் கீழே கண்ணாடியை நீட்டி, 'ம' என்றால் அதில் ஆவி படிவதைப் பார்ப்பாள். எந்த மெய்க்கு நாக்கின் எந்தப் பகுதி எங்கே ஒட்டுகிறது, காற்று அடைபட்டு வெடிக்கிறதா, உரசிப் போகிறதா, மூக்குவழி நழுவுகிறதா என்று பதினெட்டுக்கும் ஓர் அட்டவணை போட்டாள். பேச வராதவர்களுக்கு உதவும் என்று நினைத்துத்தான் போட்டாள். பாவம், நல்லவள்.

அவளுக்கு அதில் சொந்தத் தேவையும் இருந்தது. கணவன் தோணியப்பன் மீன் சந்தையில் ஏலம் விடுபவன். அவன் வாய்க்கு முன்னால் ரயில் தோற்கும். பக்கவாதம் வந்து அந்த வாயை அடக்கிவிட்டது. உதடு மெல்லத் தேறியது. நாக்கு கட்டையாகவே கிடந்தது. கழுத்தும் திரும்பாததால் தலையாட்டி மறுக்கவும் வழியில்லை. அவனிடம் மிஞ்சியது ஒரே சொல்.

"பசிக்குதா?"

"ஆமாம்."

"போதுமா?"

"ஆமாம்."

ஒருநாள் குளிக்கவைக்கும்போது, "சூடு சரியா இருக்குதாங்க?" என்றாள். "ஆமாம்" என்றான். இரண்டு செம்பு ஊற்றிய பிறகுதான் அவன் கண்ணிலிருந்து நீர் வழிவதையும் தோள் சிவந்திருப்பதையும் பார்த்தாள். செம்பைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவன் வாயிலிருந்து ஒரே ஒரு 'இல்லை' வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவனுடைய மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு துணுக்கு வெல்லத்தை ஒட்டிவைப்பாள். "நாக்கத் தூக்கி எடுங்க பாப்போம். இன்னும் கொஞ்சம். எட்டிடும்." எட்டாது. வெல்லம் கரைந்து தானாக இறங்கிவிடும்.

இதற்கிடையில் அட்டவணை அரசவைக்குப் போனது. பேச்சுத்துறை அமைச்சர் அடுக்குமொழியார் அதை விரித்துக்காட்ட, வேந்தர் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் ககரம் எங்கே பிறக்கிறது என்றீர்கள்?"

"நாக்கின் பின்பகுதி அண்ணத்தின் பின்புறத்தில் ஒட்டும்போது, வேந்தே."

"அதை யாராவது பார்த்தார்களா?"

"பார்க்க இயலாது, வேந்தே. இருட்டு."

"என் குடிகளின் வாய்க்குள் எனக்குத் தெரியாத இருட்டா?" என்றார் வேந்தர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

முதல் ஆணை அன்றே வந்தது. சாட்சியில்லாத இடத்தில் பிறக்கும் க, ங இரண்டும் தடை. மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினாறு இருக்கிறதே என்றார்கள். காய்ச்சல்காரர்கள் வைத்தியரிடம் நெற்றியைக் காட்டினார்கள். கஞ்சி கேட்டவர்களுக்கு வேறென்னவோ கிடைத்தது. இரண்டாவது ஆணை ட, ண, ள, ழ நான்கையும் எடுத்தது. இவற்றைச் சொல்லும்போது நாக்கின் நுனி பின்னோக்கி வளைகிறது, அதாவது அரசுக்கு முதுகைக் காட்டுகிறது என்று அமைச்சர் விளக்கினார். தண்ணீர் கேட்க முடியாமல் போனது. வீடு இருந்தவர்களுக்கும் அதைச் சொல்ல வாயில்லை.

மூன்றாவது ஆணை நாக்கைத் தொட்ட எல்லாவற்றையும் மொத்தமாக நீக்கியது. உதட்டில், ஊரறியப் பிறக்கும் ப, ம, வ மூன்று மட்டுமே குடிமக்களுக்கு. 'வ' சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொடுகிறதே என்று ஒரு குழு எட்டு நாள் விவாதித்து, பல் வெளியே தெரிவதுதானே என்று அனுமதித்தது. உயிரெழுத்துகள் எங்கேயும் ஒட்டுவதில்லை, பிடிக்க இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். உண்பதற்கு நாக்கை அசைக்கத் தடையில்லை. அரசு அலுவலர்களுக்கு அலுவலக நேரத்தில் பதினெட்டும் உண்டு, நிர்வாக வசதிக்காக.

கடைத்தெரு சுருங்கிப்போனது.

"மாமா, உப்பு. ஓமம்."

"ஆமாம், ஆமாம். அப்பா?"

"பாவம்."

அவ்வளவுதான் பேச்சு. படுத்திருக்கும் தகப்பனுக்கு என்ன நோய், எத்தனை நாளாக என்பதையெல்லாம் உப்பு வாங்க வந்த பெண் தன்னோடே எடுத்துக்கொண்டு போனாள். மெய்யம்மை அதைப் பக்கத்தில் நின்று கேட்டாள். தன் கையெழுத்துள்ள அட்டவணை கடைச்சுவரில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். அவமானமாக இருந்தது.

வீட்டில் அவளாலும் பேச முடியவில்லை. காலையில் வெல்லத்தை வைத்துவிட்டு, விரலால் மேலே காட்டுவாள். உண்பதற்குத் தடையில்லை அல்லவா?

ஒருநாள் அடுக்குமொழியார் நேரில் வந்தார். தோணியப்பனிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஆமாம்" வந்தது.

"ஆணை இல்லாமலேயே இப்படிப் பேசுகிறாரா!" என்று அமைச்சர் நெகிழ்ந்துபோனார். "அம்மையார், இவரல்லவா முன்மாதிரிக் குடிமகன்! வரும் பொதுவாக்கெடுப்பில் முதல் வாக்கு இவருடையது."

வாக்கெடுப்பின் கேள்வி எளியது: வேந்தர் தம் ஆயுள் முழுவதும் ஆள்வதில் சம்மதமா? எண்ணும் முறையும் எளியதுதான். 'ஆமாம்' என்று முடித்த வாயில் உதடு சேர்ந்திருக்கும். ஆகவே சேர்ந்த உதடெல்லாம் சம்மதம். சேராத உதட்டைக் கண்டால், ஒலியாய்வாளர் மெய்யம்மை அந்த ஒலியின் பிறப்பிடத்தை அவையறியச் செய்துகாட்டிப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு காவலர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் காலையில் திடல் நிறைந்திருந்தது. தோணியப்பனை மேடையில் நாற்காலியோடு தூக்கிவைத்தார்கள். அமைச்சர் கேள்வியைப் படித்தார். அவன் கூட்டத்தைப் பார்த்தான், மெய்யம்மையைப் பார்த்தான். தாடை நடுங்கியது. உதடு பிரிந்தே இருந்தது.

"இல்... லை."

ஒலிபெருக்கி அதைத் திடலின் கடைசிவரை கொண்டுபோனது.

மெய்யம்மைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எட்டிவிட்டது! எட்டிவிட்டது, படுபாவி மனுஷனுக்கு இன்றைக்கா எட்ட வேண்டும்! அதற்குள் இரண்டு காவலர்கள் நாற்காலியின் பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். உதடு சேர்ந்தது என்று ஒரு பொய் எழுதினால் அவன் பிழைப்பான், ஆயுளுக்கும் அந்த ஒரே சொல்லோடு. அவள், அன்றைக்கு வெந்நீரில் சிவந்த அவன் தோளைப் பார்த்தாள்.

"உதடு சேரவில்லை, அமைச்சரே."

"பிறகு எது சேர்ந்தது? விதிப்படி செய்துகாட்டுங்கள்."

மெய்யம்மை ஒலிபெருக்கியின் முன்னால் வந்து, அமைச்சரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"நாக்கின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால், ஈறு தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும்" என்று அலுவலகக் குரலில் நிதானமாகச் சொன்னாள். "அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். காற்று இரண்டு பக்கமும் வழிந்து போகும். பல மாதம் பழக்கம் விட்டவர்களுக்கு முதலில் வராது. வாயைத் திறக்க வேண்டியதில்லை, மூடிக்கொண்டே வைத்துப் பார்க்கலாம்."

திடலில் யாரும் அசையவில்லை. தாடைகள் மட்டும் லேசாக இறங்கி ஏறின. சிலருடைய கன்னம் ஒரு கணம் குழிந்தது. எல்லா உதடுகளும் மூடியிருந்தன.

அடுக்குமொழியார் வரிசை வரிசையாகப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. ஒரு நோயாளியின் தடுமாற்றம் நீங்கலாக, நாட்டு மக்கள் அனைவரும் ஏகமனதாகச் சம்மதித்தனர் என்று எழுத்தருக்குச் சொல்லி எழுதவைத்தார்.

அவர் முத்திரையை எடுக்கக் குனிந்தபோது உதடுகள் திறந்தன.