சிங்கத்து வயிற்றில் ஏறிய பத்து

புதுவாயல்,
1974, ஆனி மாதம்

திருவள்ளூர் சம்பந்தி திருமலை அவர்களின் சமூகத்துக்கு, அருணாச்சலம் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை நாகமுத்துவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதிவிட்டு, பொய்யாக இருக்கிறதே என்று அடித்துவிட்டேன். அடித்தலுக்கு மன்னிக்கவும்.

"கள்ளக்காசு அடிக்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டோம்" என்று தரகரிடம் தாங்கள் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. என் பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

போன வாரம் பொன்னேரிக்குப் போகலாமென்று பஸ் ஏறினேன். சில்லறைக்காக அலமாரியிலிருந்த பவுடர் டப்பாவைக் கவிழ்த்து எடுத்த காசில் பழைய பத்துப் பைசா ஒன்று இருந்தது. ஓரம் பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து இருக்குமே, அந்தக் காசு. கண்டக்டர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்து, "இன்னா பெரியவரே, சிங்கத்து வயித்து மேல பத்துன்னு நம்பர் ஏறிக்கினு கீது?" என்றான். நானும் பார்த்தேன். சிங்கத்து மேலே, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி, பள்ளமாக ஒரு பத்து! "செல்லாது, எறங்கு" என்று நடுரோட்டில் இறக்கிவிட்டான். பஸ்ஸே சிரித்தது.

நடந்து திரும்பி வரும்போது சைக்கிள் கடை தாவீது அதை வாங்கிப் பார்த்து, "நைனா, இது சர்க்கார் மிஷினே செஞ்ச தப்பு. கோடியில ஒண்ணு இப்படி வுழும். மெட்ராஸ் சேட்டுங்க பாத்தா கேட்ட வெலை குடுத்துக் கொத்திக்கினு பூடுவாங்க" என்றான். நம்பினேன். நம்பினதோட நின்னேனா? எம்பொண்ணு செல்வி கல்யாணத்துக்கு ரெண்டு ஜோடி நாதஸ்வரம்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன். என் சம்சாரம் கெங்கம்மாள், சேட்டு பாக்கும்போது அழுக்கா இருக்கக் கூடாதுன்னு புளி போட்டுத் தேய்ச்சா பாருங்க, காசு நேத்து அடிச்ச மாதிரி மின்ன ஆரம்பிச்சது. அங்கதான் சனி புடிச்சது.

மெட்ராசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு உங்க ஊர்ல ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணுல பூதக்கண்ணாடி வெச்சுக்கினு, "மிஷின் தப்புன்னா மறுபக்கம் ஒழுங்கா இருக்கும். இங்க பாருங்க, அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் நசுங்கிக் கீது. பட்டறையில இரும்பை இறுக்கிப் புடிக்கிற வைஸோட பல்லு கடிச்ச கோடுகூடத் தெரியுது. ரெண்டு காசை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு யாரோ முறுக்கியிருக்காங்க. இன்னா பெரியவரே, ஊட்டுலயே காசு அடிக்கிறீங்களா?"ன்னு வெளையாட்டாக் கேட்டார். கேட்டது வெளையாட்டுதான், ஆனா சத்தமாக் கேட்டுட்டார். பக்கத்துல மெட்டி வாங்கிக்கினு இருந்தது உங்க தங்கச்சி கோவிந்தம்மா. வாசல்ல டீ குடிச்சுக்கினு இருந்தது ஒரு கான்ஸ்டபிள்.

ஸ்டேஷன்ல என்னை யாரும் அடிக்கலை சம்பந்தி. அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. பத்துப் பைசாவுக்குக் கள்ளக்காசு அடிக்கிற ஆளை இதுவரைக்கும் பாத்ததில்லைன்னு ஒவ்வொருத்தரா வந்து என் மூஞ்சியைப் பாத்துட்டுப் போனாங்க. கடைசியில ஏட்டய்யா காசை என் கையிலயே குடுத்து, "பெரியவரே, அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, ஒரு ரூபாயா அடிக்கக் கூடாதா?"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஊடு வந்து சேர்றதுக்குள்ள உங்க தரகர் வந்து உக்காந்துகினு இருக்கார்!

ஆத்திரத்துல அந்தக் காசைக் கெணத்துல வீசிட்டேன். அன்னையிலேர்ந்து செல்வி சோறு தண்ணி இல்லாம கெணத்தையே பாத்துக்கினு கீறா. கல்யாணம் நின்னா அவ இன்னா ஆவாளோ தெரியலை. சத்தியமாச் சொல்றேன், அந்தக் காசுக்கும் என் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எந்தப் படுபாவி முறுக்கினானோ, அவன் கை வெளங்காமப் போகட்டும்.

தங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு என் சம்சாரத்தின் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மானம் போன
அருணாச்சலம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது செல்வி ஓடிவந்து என் கையைப் புடிச்சுக்கினா. காசு அவளோடதாம். டப்பாவும் அவளோடதாம். நிச்சயம் ஆனதும் உங்க நாகமுத்து, கும்மிடிப்பூண்டியில தான் வேலை செய்யிற பட்டறையில, "நீயும் நானும் மாதிரி ஒட்டிக்கணும்"னு சொல்லி ரெண்டு காசை வைஸ்ல வெச்சு முறுக்கினாராம். ஒட்டலையாம். ஒண்ணை இவளுக்குக் குடுத்துட்டு, ஜோடியைத் தன் சட்டைப் பையில வெச்சுக்கினு திரியிறாராம். தேடிப் பாருங்க, அதுல பத்து மேல சிங்கம் பள்ளமா இருக்கும். கை வெளங்காமப் போகட்டும்னு நான் எழுதினதை மட்டும் சம்பந்தியம்மாளுக்குப் படிச்சுக் காட்டாதீங்க. காசைத் தேடிக் கெணத்துல எறங்க மாப்பிள்ளையைக் கூட்டிக்கினு வாங்க. அவர் உள்ளே முங்கிக்கினு இருக்கட்டும், நாம மேலே உக்காந்து தேதி பேசி முடிச்சுடுவோம்.