பத்திலிருந்து கீழே எண்ணிய சங்கு அண்ணாச்சி

கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஒரு டிசம்பர் சாயந்தரம் இயேசு கிறிஸ்து இரண்டாம் முறையாக வந்துவிட்டார் என்று நான் நம்பினேன். முழுதாக ஐந்து நிமிஷம் நம்பினேன். ஐம்பது வயது, இரண்டு பிள்ளைகள், தேயிலைக் கொழுந்து எடைபோடும் கிளார்க் உத்தியோகம், எல்லாம் இருந்தும் நம்பினேன். காரணம் சங்கு அண்ணாச்சி.

சங்கு அண்ணாச்சியின் சம்மதம் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு ராக்கெட்டும் கிளம்பியது கிடையாது. ஃபாக்டரி சைரனை எங்கள் பக்கம் சங்கு என்போம். அதை அழுத்துவதுதான் அவர் வேலை. சொந்தப் பெயரை நானே பலமுறை ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன், ஞாபகம் இல்லை. வானத்தில் எந்த நாட்டுக்காரன் எதை ஏவினாலும் மணி, நிமிஷத்தோடு எஞ்சின் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும்.

மனிதர் கீழ்நோக்கித்தான் எண்ணுவார். சங்கு ஊதவும் பத்து, ஒன்பது. பீடி பற்றவைக்கவும் பத்து, ஒன்பது. என் இளையவனின் ஞானஸ்நானத்தில் போதகர் தண்ணீரை அள்ளியபோது பின்வரிசையிலிருந்து "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று குரல் வந்தது. பையன் சரியாகப் பூஜ்யத்தில் வீறிட்டான்.

முன்பு ஒருமுறை நம் லேண்டர் சந்திரனுக்குப் பக்கத்தில் போய்த் தொடர்பு அறுந்த அன்று, காலை ஆறு மணிச் சங்கு பாதியிலேயே நின்றது. "என்ன அண்ணாச்சி, கரண்ட் போயிட்டா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"சாவுத் துட்டி விழுந்த வீட்ல முழுசா ஊதுவாவளால?" என்றார்.

அடுத்த முறை சந்திரனுக்கு ராக்கெட் கிளம்பியது, மதியம் இரண்டரை தாண்டி ஐந்து நிமிஷத்துக்கு. அதே நொடியில் எங்கள் சங்கும் முழங்கியது. மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள், வேலை முடியும் நாலரைச் சங்கு என்று நினைத்து, பாதிச் சாக்கோடு இறங்கி வந்துவிட்டார்கள். "சங்கு ஊதியாச்சுல்லா? பொறவு எங்களுக்கு என்ன?" என்று என் தராசடியில் ஒரே சத்தம். எடை பாதியாக விழுந்ததற்கு துரை ஏசியது அண்ணாச்சியை அல்ல, என்னை. மேனேஜர் யாராயிருந்தாலும் எங்களுக்குத் துரைதான்.

ரோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். 'இந்தச் சங்குக்காரரால் எஸ்டேட் கெடுகிறது' என்று துரைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டேன். மூன்றாம் நாள் அண்ணாச்சிக்கு மெமோ வந்தது. இன்னொரு முறை நேரம் தவறி ஊதினால் வேலையும் இல்லை, லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், இடமும் இல்லை.

அடுத்த மாதம் லேண்டர் சந்திரனில் பத்திரமாக இறங்கியது. சாயந்தரம் ஆறு மணி. லயமே டிவி முன்னால் கைதட்டிக் கூத்தாடியது. நான் எஞ்சின் ரூம் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே சைரன் பொத்தான். 

இப்போது அந்த டிசம்பருக்கு வருகிறேன். அந்த வாரம்தான் சர்ச்சில் மூன்று நாள் கன்வென்ஷன். கடைசி எக்காளம் எப்படித் தொனிக்கும் என்று பிரசங்கியார் தொண்டை கிழியக் காட்டிவிட்டுப் போயிருந்தார். இருட்டத் தொடங்கும் நேரம், தேயிலைக்கு நடுவே வீட்டுக்கு நடக்கிறேன். மேற்கே வானத்தில் ஒரு வெளிச்சம். அதன் பின்னால் இன்னொன்று. முப்பது, நாற்பது, நூல் பிடித்த மாதிரி, சத்தமே இல்லாமல் ஊர்ந்து வருகின்றன. தேவதூதர்கள் வரிசையில்தான் வருவார்கள் என்று எனக்கு ஏனோ தோன்றியது. அந்த நேரம் பார்த்து எக்காளமும் முழங்கியது.

டிபன் கேரியரை வீசிவிட்டு முழங்காலில் விழுந்தேன். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. பாவங்களைப் புரட்டினால் அந்தக் கடிதாசிதான் முதலில் வந்து நின்றது. எழுந்து எஞ்சின் ரூமுக்கு ஒரே ஓட்டம்.

"அண்ணாச்சி! மொட்டைக் கடிதாசி போட்டது நாந்தான்! மன்னிச்சேன்னு சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லும்!"

"அது அன்னைக்கே தெரியும்ல. தொரை மேசையில பாத்தேன், கொழுந்துச் சீட்டு முதுகுல எழுதியிருக்க. அந்தச் சீட்டுக்கட்டு உன்கிட்ட இல்லாம எவன்கிட்ட இருக்கு?"

"அப்ப வானத்துல வாறது யாரு?"

"சேட்டலைட்டு போவுதுல, கூறுகெட்டவனே! இன்டர்நெட்டுக்கு எவனோ வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கொத்துக் கொத்தா விடுதான். நட்சத்திரத்தைப் படம் புடிக்கிறவனெல்லாம், படத்துல கோடு கோடா விழுதுன்னு அழுவுதான். நாலு தலைமுறையா நமக்கு இங்கன அரை சென்டு நெலத்துக்குப் பட்டயம் கெடையாது. இவன் வானத்துல லயம் கட்டுதான். அவனுக்கு எவம்ல பட்டயம் குடுத்தான்?"

"பொறவு எதுக்கு ஊதுனீரு? வேலை போயிருமே!"

"எல்லாரும் கதவச் சாத்திட்டு சீரியல் பாக்காவ. அந்த வெளிச்சம் அஞ்சு நிமிசத்துல போயிரும். வேற எப்படில வெளிய கூப்பிட?"

வாசலில் நின்று பார்த்தேன். மொத்த லயமும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வெளிச்சம் மங்கி மறையவும் துரையின் ஜீப் ஏறி வரவும் சரியாக இருந்தது.

"ஆராடோ சைரன் அடிச்சது?" என்று துரை மலையாளத்தில் கத்தினார்.

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். "நாந்தான் சார். வெளிச்சத்தப் பாத்து, தீ பிடிச்சிருச்சுன்னு பயந்து அழுத்திட்டேன்." பயந்தது உண்மை, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். மூன்று நாள் சஸ்பென்ஷன். வீட்டில்தான் பெரிய தண்டனை. "ஆண்டவர் வந்துட்டாருன்னு நெனச்சவரு, எங்களையும் கூட்டிட்டுப் போவோம்னு தோணாம அண்ணாச்சிகிட்டயா ஓடுனீரு?" என்று என் மனைவி பாக்கியம் இன்றுவரை கேட்கிறாள். 

அடுத்த வருஷம் அண்ணாச்சி ஓய்வு பெற்று, லயத்து வீட்டைக் காலிசெய்து, கம்பம் ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சங்குக்கு டைமர் வைத்துவிட்டார்கள். சுவரில் சாக்பீஸ் எழுத்துகளின் மேல் வெள்ளையடித்தாகிவிட்டது.

அதற்கும் அடுத்த வருஷம், ஜூன் மாதம். நம் ஆள் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்ட நாள். மதியம் பன்னிரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு ராக்கெட் கிளம்பியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பத்திலிருந்து போன்.

"லேய், நம்ம சங்கு ஊதுச்சா?"

"ஊதுச்சு அண்ணாச்சி. சரியா பன்னெண்டு ஒண்ணுக்கு."

"ம்" என்றார். 

நடந்தது இதுதான். டைமர் பன்னிரண்டுக்கே ஊதி அடங்கிவிட்டது. பன்னிரண்டு ஒன்றுக்கு ஊதியது, கொழுந்துச் சாக்குகளோடு நின்ற அத்தனை பெண்களும் சிரிக்க, தராசடியில் பத்திலிருந்து எண்ணிவிட்டு, வாயால் நான்.