எங்கும் ஒட்டாதவர்கள் பெஞ்சு

கர்த்தரின் கிருபையாலும் உன் கோபத்துக்குப் பயந்தும் உயிரோடிருக்கும் தம்பி, அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நானும் என் இடது முழங்காலும். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்கவும், அத்தானின் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கவும் ஜெபிக்கிறேன்.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆலய வாசலில் நின்றுகொண்டு, அந்த ஆலயத்தைக் கட்டிய குடும்பத்துப் பெரியவரின் கையைப் பிடித்து, "புதுசா வந்திருக்கீங்களா? கூச்சப்படாம உள்ள வாங்க" என்றேன். அவர் அழுதுவிட்டார். இதைத்தான் யாரோ உன்னிடம் "உன் தம்பி சபையையே கலைச்சிட்டான்" என்று போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், நீயும் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதியிருக்கிறாய். நடந்ததைக் கேட்டுவிட்டு மீதியைத் திட்டு.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது உனக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன் அல்லவா, கடைசியாக ஒரே ஒரு சபைக்குப் போய்ப் பார்க்கிறேன், அதுவும் ஒட்டாவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமைகளைப் போர்வைக்குள்ளேயே கழிப்பேன் என்று. என் லட்சணம் உனக்குத் தெரியும். எல்லாரும் கைதட்டும் சபையில் நான் கைகட்டி நிற்பேன், எல்லாரும் முழங்காலிடும் சபையில் நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பேன். அப்படிப்பட்டவன் ஒரு மழை நாளில் இந்த ஆலயத்துக்குள் நுழைந்தேன். கதவுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு இரும்புக் கொக்கியில் குடையை மாட்டினேன் (என் ஞாபகசக்தியின் புண்ணியத்தில் அது இன்னமும் அங்கேதான் தொங்குகிறது). வரவேற்பவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். வேலை போனாலும் வாய் போகவில்லை. "வாசல்ல நிக்காதீங்க சார், உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி காலியாத்தான கெடக்கு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போய், முன்வரிசைக்கும் முன்னால் கிடந்த தனிப் பெஞ்சில் என்னை உட்காரவைத்தார். அதில் ஒரு அட்டை: ‘எங்கும் ஒட்டாதவர்களுக்கு’. பாஸ்டரின் ஏற்பாடாம். பெஞ்சில் மெத்தை, தலைக்கு மேலே தனி லைன் இழுத்து மாட்டிய புது ஃபேன், ஆராதனை முடிந்ததும் முதல் டீ. ஒட்டாமல் இருப்பதற்கு இத்தனை சலுகை உண்டென்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே பிழைத்துப்போயிருப்பேன்.

சில வாரம் அதில் நான் ஒருவனே ராஜா. நான் வந்த அன்றே கூடத்து ஃபேன்கள் படுத்துவிட்டதால் பின்னால் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வயரிங் பழசு என்று கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. எனக்கு அதுவா கவலை? பின்னாலிருந்து யாரும் என்னோடு பேசவில்லையே என்பதுதான் கவலை. அப்போதுதான் பல் டாக்டர் வந்து, "கொஞ்சம் நகருங்க" என்றார். "டாக்டர், நீங்க இங்க பழைய ஆளாச்சே?" "என்ன பழைய ஆளு! என்னைப் பார்த்தாலே எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. ஒருத்தராவது சிரிச்சுப் பேசியிருக்காங்களா? உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன் சார்." அக்கா, என் கண் கலங்கிவிட்டது, நகர்ந்தேன். அடுத்த வாரம் பாடகர் குழுவில் ‘இடி’ என்று பட்டப்பெயர் வாங்கியவர் வந்து, "நான் வாயைத் தொறந்தாலே மெதுவா மெதுவாங்கறாங்க, மனசே புழுங்குது" என்றார். அதற்கடுத்து அந்தப் பெரியவர். "தூணுக்குத் தூண் எங்க தாத்தா பேர் இருக்கு. அவரைத் தெரிஞ்ச அளவுக்கு என்னை எவனுக்கும் தெரியலயே!" இப்படியே ஆள் சேர்ந்து, பெஞ்சு போதாமல் நாற்காலிகள் வந்து, யார் அதிகம் ஒட்டாதவர் என்று சண்டையும் வந்தது. "நேத்து கல்யாண வீட்ல அத்தனை பேரோட அரட்டை அடிச்சீங்களே, நீங்க எப்படி ஒட்டாதவரு?" "அரட்டை அடிச்சா ஒட்டிட்டதா அர்த்தமா?" கண்டக்டர் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரு எடத்துல மூணு பேரு உக்காருங்க, எல்லாரும் ஒரே வண்டிதான்" என்று தீர்த்துவைத்தார்.

போன ஞாயிறு பாஸ்டரின் மனைவியே எழுந்து வந்தார். "எல்லாருக்கும் நான் பாஸ்டரம்மா. என் பேரு என்னன்னு இங்க யாருக்காவது தெரியுமா?" சபையே தரையைப் பார்த்தது. பாஸ்டர்கூட ஒரு கணம் கூரையைப் பார்த்து யோசித்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் எழுந்து என் இடத்தை அவருக்குக் கொடுத்தேன். பாஸ்டர் வேதப்புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்தார். "நான் மட்டும் மேல நின்னு யாருக்குப் பேசறது? நகரும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது பிரசங்க மேடை காலி, பின்வரிசைகள் காலி, அவற்றில் போய் உட்கார்ந்த ஒரே ஆள் உன் தம்பி. கண்டக்டர் என்னைப் பார்த்தார். "சார், இப்ப சபைன்னா நீங்கதான். நாங்கல்லாம் வெளியாளுங்க. வரவேற்க வேணாமா?" "ஐயோ, எனக்கே இங்க..." "அதெல்லாம் பழைய கதை. வாசலுக்குப் போங்க."

போனேன். எல்லாரும் வெளியே போய் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிப் பேர் கேட்டேன். பாஸ்டரம்மா தன் பேரைச் சொன்னார், அழகான பேர், உனக்குச் சொல்லமாட்டேன், நேரில் வந்து நீயே கேட்டுக்கொள். பிறகு, "உங்க பேரு என்ன தம்பி?" என்றார். இந்த ஊரில் ஆபீசைத் தாண்டி யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இனிஷியலோடு இரண்டு தடவை சொன்னேன். அன்றைக்கு டீ ஆறியும் வீட்டுக்குக் கிளம்ப மனசு வரவில்லை. இதற்குப் பேர் சபையைக் கலைப்பதா, நீயே சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், வாங்கிக்கொள்ளும் வயதில் இருந்தால். உன்னையும் உன் கோபத்தையும் ஆண்டவர் ஆசீர்வதித்து, முன்னதைப் பெருக்கி, பின்னதைக் குறைப்பாராக.

பி.கு.: தபாலில் போட மறந்ததில் இன்னொரு ஞாயிறு வந்துவிட்டது. நான் வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெரியவரைத் தெருவிலிருந்து அழைத்துவரக் குடையை வெடுக்கென்று தூக்கினேன். கொக்கியும் சேர்ந்து மேலே வந்து ‘டக்’ என்றது. அது கொக்கி இல்லையாம், கூடத்து ஃபேன்களின் மெயின் ஸ்விட்ச் கைப்பிடியாம். எல்லா ஃபேனும் சுழல ஆரம்பித்தன. முதல் பாட்டு முடிவதற்குள் பல் டாக்டர், இடி, பெரியவர் எல்லாரும் அவரவர் பழைய இடத்தில். பெஞ்சில் மிஞ்சியது நானும் பாஸ்டரம்மாவும்தான். நான் குடையைத் தூக்கியதை அவர் மட்டும் பார்த்திருக்கிறார். என் பக்கம் குனிந்து, "அடுத்த வாரம் மழை இல்லையாம் தம்பி. ஆனா நீங்க குடையோட வாங்க" என்றார்.