ஜெயரட்ணம் கட்டிய வலையமைப்பு

கொழும்பிலிருந்து மானியம் கொடுக்கும் றுஷ்தா மேடம் வந்துசேர இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அதற்குள் மூன்று பேரும் வரமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

திட்ட இணைப்பாளர் ஜெயரட்ணம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். நமுனுகுல மலைத் தோட்டங்களுக்காக அவர் எழுதிய திட்டத்தின் பெயர் ‘பல்துறைசார் ஒருங்கிணைந்த கிராமிய சுகாதார வலையமைப்பு’. அதை ஒரே மூச்சில் சொல்ல அவரால் மட்டுமே முடியும். மானியம் கிடைத்தால் தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ் வரும். பிள்ளைத்தாச்சிகளைக் கொழுந்து லொறியில் பதுளைக்கு ஏற்றிப்போகும் காலம் முடியும். ஆனால் தோட்ட டிஸ்பென்சரிக்காரர், மிட்வைஃப், ஆட்டோச் சங்கத் தலைவர் மூவரும் சேர்ந்து வேலை செய்வதை மேடம் கண்ணால் பார்க்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். டிஸ்பென்சரி கஜேந்திரனுக்கும் மிட்வைஃப் துஷாந்தினிக்கும் பேச்சுவார்த்தை இல்லை; சிகிச்சை நிலையத் திறப்புவிழாக் கல்லில் யார் பெயர் மேலே என்ற தகராறு. அதன் வாசலோர ஆட்டோ நிறுத்துமிடத்தில் கஜேந்திரன் பூச்சட்டி வைத்த நாளிலிருந்து ஆட்டோச் சங்கத் தலைவர் வாஹித்துக்கும் அவரோடு முறைப்பு.

“உதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?” என்று ஜெயரட்ணம் பொருமினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் அழகையா. வரவேற்புக்குத் தப்பு மேளம் அடிக்க வந்தவர், சிகிச்சை நிலைய வாசலில் தாளைக் கொளுத்தித் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்.

“போன கூட்டத்துக்கும் கை வலிக்க அடிச்சேங்க சேர். ஒரு நாய்தான் வந்துச்சு.”

“நீர் அடிச்ச அடி அப்பிடி! காவடிக்கு அடிக்கிற மாதிரித் துள்ளித் துள்ளி அடிச்சா ஆர் மதிப்பினம்? ஆறுதலா, இடைவெளி விட்டு, கனமா அடியும். கேக்கிறவன் செய்யிற வேலையை விட்டிட்டு ஓடிவரோணும்.”

அழகையாவின் கை நின்றது. “அப்படியா அடிக்கச் சொல்றீங்க?”

“அப்பிடித்தான். என்ரை பேரைச் சொல்லி அடியும்.”

“சரிங்க சேர். உங்க பேருலயே அடிச்சிடுறேன்.”

அந்நேரம் மேடத்தின் ஜீப் கீழ் வளைவில் சேற்றில் புதைந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. ஜெயரட்ணம் சப்பாத்தோடு ஓடினார். றுஷ்தா மேடத்தை நடத்திக் கூட்டிவரும்போது மேலேயிருந்து கேட்டது: டும்... டும்... டும்...

“என்ன சத்தம்?”

“உங்களுக்கான வரவேற்பு, மேடம்.”

தேயிலை மலையில் பெண்கள் கூடையை இறக்கிப்போட்டுவிட்டு ஓடினார்கள். ஜெயரட்ணத்துக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. “பாத்தீங்களோ, சமூகப் பங்களிப்பு!”

அடுத்த வளைவில் பூரிப்பு போய்விட்டது. பாதையோரம் வெள்ளைக் கொடிகள். யாரோ செத்துவிட்டார்கள், அதுவும் இன்றைக்கா!

“யாரும் மௌத்தா?” என்றார் மேடம்.

“சேச்சே! வெள்ளை சுகாதாரத்தின்ரை நிறமெல்லோ.”

மேடம் நம்பினாரோ இல்லையோ, எதிரே கண்டதை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. கஜேந்திரன் ஏணியைப் பிடிக்க, துஷாந்தினி மேலே நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தாள். வாஹித் ஆட்டோவில் கதிரைகளை ஏற்றிவந்து இறக்கினார். ஜெயரட்ணம் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“எவ்வளவு ஒற்றுமை!” என்றார் மேடம்.

சிகிச்சை நிலையத்துக்குள்ளிருந்து, தோட்டத்தில் ஒப்பாரி பாடும் இராக்கம்மாவின் குரல் எழுந்தது:

“அம்புலன்சு வருமுன்னு ஆசை காட்டுன மகராசா, அது வாறதுக்கு முன்னால அவசரமாப் போனீங்களே, செயரட்ணம் சேரே!”

“பாட்டில உங்க பேர் வருதே?”

“கிராமியக் கலை, மேடம். சனங்களின்ரை அன்பு.” சொல்லிக்கொண்டே பாட்டை நிறுத்த உள்ளே பாய்ந்தார்.

அதுதான் பெரிய பிழை. இராக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஐயோ, எந்திரிச்சு வந்துட்டாரு!” என்று அலறி, மயங்கிச் சரிந்தாள்.

“காலைத் தூக்கிப் பிடிங்க டொக்டர்!” என்று துஷாந்தினி கஜேந்திரனைப் பார்த்துக் கத்தினாள்.

“பிடிச்சிட்டேன் மிஸ், நீங்க தண்ணி தெளிங்க! நாடி சரியா இருக்கு. வாஹித், வண்டி!”

வாஹித் பூச்சட்டியைக் காலால் தள்ளிவிட்டு ஆட்டோவை வாசற்படிக்கே கொண்டுவந்தார். அதற்குள் இராக்கம்மா கண்ணைத் திறந்து, ஜெயரட்ணத்தின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“சூடாத்தான் இருக்கு!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கஜேந்திரனுக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறை. “சாகலையா சேர்? கொடியெல்லாம் கட்டிட்டோமே.”

றுஷ்தா மேடம் கைதட்டினார். “எல்லா மாவட்டத்திலயும் ஸ்லைட் போட்டுத்தான் காட்டினாங்க. அவசர சிகிச்சைக்கு ஒத்திகையே நடத்திக் காட்டினது நீங்கதான். அந்த அம்மா மயங்கினது அப்படியே உண்மை மாதிரி!”

ஜெயரட்ணம் கழுத்துப்பட்டியை இறுக்கினார். “எல்லாம் திட்டமிட்டதுதான், மேடம்.”

“அம்புலன்ஸ் நிச்சயம். ஆனா வருசா வருசம் வந்து பார்ப்பேன். இதே ஒற்றுமை இருக்கணும்.”

ஜீப் போனபின், சாவு வீட்டுக்கென்று கொதித்த பிளேன்ரீயை மூன்று எதிரிகளும் ஒரே வாங்கில் அமர்ந்து குடித்தார்கள். துஷாந்தினி கஜேந்திரனுக்குச் சீனிகூடக் கொடுத்தாள்.

ஜெயரட்ணம் அழகையாவைத் தனியே இழுத்தார். “நான் ஒண்டும் தெரியாமல் சொல்லிப்போட்டன். அது சாவுக்கு அடிக்கிற அடி எண்டு நீராவது சொல்லியிருக்கக் கூடாதோ? ஆர் ஐசே என்னைச் சாகடிச்சது?”

அழகையா தப்பைத் தோளில் மாட்டினார்.

“நல்லதுக்குக் கூப்பிட்டா இந்த மூணு பேரும் வரமாட்டாங்க, சாவுன்னா வந்துதானே ஆகணும், அதான் நீங்க போயிட்டீங்கன்னு லயத்து வீடு வீடா போன் போட்டேன்; அது கிடக்கட்டும் சேர், அந்தம்மா வருசா வருசம் வருவாங்களாமே, அடுத்த வருசம் யாரைச் சாகடிக்கிறது?”