நவாபின் மாமியார்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவு எடுத்தபோது காலை மணி ஏழு பத்து. சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரை, மீதி முகத்தில் வீரம். என் மாமியார் இந்த வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. கண்ணாடியைப் பார்த்து மூன்று முறை சொன்னேன். கண்ணாடி ஒப்புக்கொண்டது. அதற்குக் கல்யாணம் ஆகவில்லை.

"என்னங்க, யாரோட பேசறீங்க?" சமையலறையிலிருந்து பூங்கோதையின் குரல் வந்தது.

"யாரோடயும் இல்லம்மா. கண்ல சோப்பு பட்டுருச்சு."

பூங்கோதை என் மனைவி. நான் பாலசுப்ரமணியம். மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். கிட்வாய் நகரில் முதல் மாடியில் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸ். ஆபீசில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபைல் நகராது. வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தவும் எனக்கு அதிகாரம் கிடையாது. ஆபீஸ் பாஸுக்கு நான் பயந்ததில்லை. இந்தியில் மாமியாரை 'சாஸ்' என்பார்கள். அந்த சாஸுக்குத்தான் பயம்.

அத்தை கும்பகோணத்தில் முப்பத்து நாலு வருஷம் தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்றுவிட்டார் என்று கல்வித் துறை சொல்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. போன தடவை பத்து நாள் என்று வந்து நாலு மாதம் இருந்தார். என் தம்பிக்கு நான் எழுதி மேஜைமேல் வைத்திருந்த கடிதத்தில் சிவப்பு மையால் ஒற்றுப்பிழை திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டு, 'முயற்சி போதாது' என்று எழுதியிருந்தார். தம்பிக்கு அப்படியே தபாலில் போய்விட்டது. இன்றுவரை அவன் என்னை 'நாலு மார்க் அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தால், "பகல்ல தூங்கற பையனை நான் பெஞ்சு மேல ஏத்துவேன்" என்று பொதுவாகச் சொல்வார். வீட்டில் பெஞ்சு இல்லாததால் தப்பித்தேன். அத்தை வந்தால் அத்தனையும் போச்சு.

ஒரே ஒரு நல்ல காலம். அத்தை ரோஷக்காரர். மாப்பிள்ளை தன் வாயால் 'வாங்க' என்று கூப்பிடாமல் வாசப்படி மிதிக்க மாட்டார். ஆக, நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமே. அதில் எனக்குப் பதினாறு வருஷ அனுபவம்.

ஆனால் பூங்கோதை ஒரு மாதமாக விடவில்லை.

"ஒரு வார்த்தைதானேங்க. 'வாங்க அத்தை'. சொன்னா பல்லு கொட்டிடுமா?"

"லைன் கிடைக்கலையே."

"நேத்து உங்க தம்பிகிட்ட இருபது நிமிஷம் பேசினீங்க."

"அது வேற லைன்."

நானாக மறுத்தால் மூன்று நாள் ரசம் மட்டும்தான். அவளாகவே 'அம்மா வர வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். எப்படி? ஆபீசில் அடுத்த மேஜை அச்சுதனிடம் யோசனை கேட்டேன்.

"சார், நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க. சரித்திரம் சொன்னா கேப்பாங்க" என்றான் அவன்.

"எந்தச் சரித்திரம்?"

"மெஹ்ரோலியைத் தாண்டி குலாப் கோட்டின்னு ஒரு நவாப் எஸ்டேட் இருக்கு சார். மஹல், தோட்டம், யானைக் கொட்டாரம் எல்லாம் பாழாக் கெடக்கு. எங்க காலனி மிஷ்ரா ஜி அங்க கைடு. அரை நாள் தனியா கூட்டிட்டுப் போய்க் காட்டுவார். அந்த மஹல் ஏன் பாழாச்சுன்னு யாருக்கும் தெரியாது. நாம சொல்றதுதான் காரணம்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாமியார் வந்து சேர்ந்ததால் மஹல் நாசமானது! இதை ஒரு கைடு, அதுவும் சரித்திர இடத்தில் நின்றுகொண்டு சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

"எழுதிக் கொடுங்க சார், இன்னிக்கே சேத்துடறேன். மிஷ்ரா ஜி எழுதினதை அப்படியே ஒப்பிப்பார்."

இந்தியில் எழுதினேன். நான் சர்க்கார் நடத்தும் இந்திப் பரீட்சைகள் மூன்றும் பாஸ் செய்தவன். என் இந்தி ஃபைல் இந்தி. கடைத்தெருவில் செல்லாது. நான் இந்தி பேசினால் காய்கறிக்காரர், "சாப், மேம்சாபை அனுப்புங்க" என்பார். ஆனால் எழுத உட்கார்ந்தால் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

'உபர்யுக்த நவாப் சகல வைபவத்தோடு வாழ்ந்தார்' என்று ஆரம்பித்தேன். உபர்யுக்த என்றால் மேற்படி. மேலே ஒரு நவாபும் இல்லைதான். ஆனாலும் அந்தச் சொல் இல்லாமல் எனக்கு இந்தி வராது. 'சாஸ் வந்த பின்னர் மஹல் விநாசம் அடைந்தது' என்று முடிக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன சந்தேகம். 'வருகை'க்கு கமன் என்று போடுவதா, ஆகமன் என்று போடுவதா? கொஞ்சம் யோசித்தேன். நியாயத்துக்கு முன்னால் அகரம் போட்டால் அநியாயம். சுத்தத்துக்கு முன்னால் போட்டால் அசுத்தம். அப்படியென்றால் ஆகமன் என்பது கமனுக்கு எதிர்ப்பதம். எனவே கமன் தான் வருவது. அகராதியைப் பார்த்திருக்கலாம். பரீட்சை பாஸ் செய்தவன் எதற்குப் பார்க்க வேண்டும்? 'சாஸ் கே கமன் கே பஷ்சாத்' என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் லீவு போட்டேன்.

"உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

பூங்கோதை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரேஷன் கடையைத் தவிர எங்கயும் கூட்டிட்டுப் போகலையே. அதான் பயமா இருக்கு."

"குலாப் கோட்டி. முந்நூறு வருஷத்து நவாப் மாளிகை. நமக்குன்னே தனி கைடு. கூட்டத்துல இடிபடாம பாக்கலாம்."

"இடிஞ்சதைப் பாக்கறதுக்கு இடிபட்டாத்தான் என்ன?" என்று கேட்டாள். ஆனால் பட்டுப் புடவைதான் கட்டிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இவளை இப்படி முன்பே ஒரு நாள் வெளியே கூட்டிப் போயிருக்கலாம் என்று தோன்றியது. உடனே சிவப்பு மை ஞாபகம் வந்தது. கஷ்டம் போய்விட்டது.

மிஷ்ரா ஜி வாசலிலேயே நின்றார். கையில் குடை, வாயில் பான். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பூங்கோதை பார்த்துவிடப் போகிறாளே என்று நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி வெயில் இதமாக இருந்தது. முதலில் தோட்டம். குலாப் என்றால் ரோஜா. அந்தப் பெயரில் இருந்த தோட்டத்தில் முள் மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு யானைக் கொட்டாரம்.

"ஒவ்வொரு ஆனைக்கும் தனி ரூமாம்" என்றாள் பூங்கோதை. "நம்ம குவார்ட்டர்ஸ்ல துணி காயப்போட இடமில்ல."

"ஆனை துணி துவைக்காது."

"நீங்களும்தான் துவைக்கறதில்ல. தனி ரூமா குடுத்தாங்க?"

மிஷ்ரா ஜி இந்தியில் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனார். பூங்கோதைக்கும் அவருக்கும் நடுவில் இந்தி ரயில் வேகத்தில் போய் வந்தது. நான் ஸ்டேஷனில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கூரை இல்லாத பெரிய கூடத்துக்கு வந்தோம். அவர் தொண்டையைச் செருமினார். குடையை மேலே தூக்கினார்.

"உபர்யுக்த நவாப்…"

"அதென்னங்க உபர்யுக்த?" என்று என் காதில் கேட்டாள் பூங்கோதை.

"நவாபோட குடும்பப் பேரு."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். 'சாஸ்' என்றார். 'விநாஷ்' என்றார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். மிஷ்ரா ஜி எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. கிணறு வற்றியது என்றார். யானைகள் பட்டினி கிடந்தன என்றார். நவாபுக்கு ஒரே வாரத்தில் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது என்றார். பூங்கோதை என் தலையை ஒரு முறை பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன்!

"பாத்தியா பூங்கோதை? ஒரு மாமியாரால ஒரு குடும்பமே என்ன ஆச்சு பாத்தியா?"

"ஆமாங்க. பாவம், அந்தம்மா இருந்தவரைக்கும் எவ்வளவு நல்லா இருந்திருக்காங்க."

"என்னது?"

"அந்தம்மா கோச்சுக்கிட்டுப் போனதும்தானே கிணறு வத்தியிருக்கு?"

எனக்குக் கிணறே தலையில் விழுந்தது போல் இருந்தது. மிஷ்ரா ஜி பக்கம் பாய்ந்தேன். "நஹீ! நஹீ! சாஸ் ஆயீ! ஆயீ!" என்றேன். வந்தாள், வந்தாள்!

"நஹீ சாப். சாஸ் கயீ" என்றார் அவர். போனாள்!

"ஆயீ!"

"கயீ!"

இரண்டு பேரும் கூடத்தின் நடுவில் நின்று கத்தினோம். மாடத்திலிருந்து புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. மிஷ்ரா ஜிக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. ஜிப்பா பையில் கைவிட்டு என் சீட்டை எடுத்தார். "நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு இல்லை என்கிறீர்களே சாப்!" என்று என் மனைவியின் கையிலேயே கொடுத்தார். கைடு என்று நினைத்தேன். கேடு!

பூங்கோதை சீட்டைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது உங்க எழுத்து."

நான் புறாக்களைப் பார்த்தேன்.

"சாஸ் கே கமன் கே பஷ்சாத். மாமியார் போனப்புறம்."

"போனப்புறமா? கமன்னா வர்றது இல்லையா?"

"கமன்னா போறது. ஆகமன்னா வர்றது. நியூ டெல்லி ஸ்டேஷன்ல பெரிய போர்டே மாட்டியிருக்கான். போன வாரம்கூடப் பாத்தேன்."

போன வாரம் இவளுக்கு ஸ்டேஷனில் என்ன வேலை என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் உயிர் அந்த நேரத்தில் வேறு இடத்தில் ஊசலாடியது.

பூங்கோதை சீட்டை நாலாக மடித்தாள். என் கண்ணை நேராகப் பார்த்தாள். குரல் மிகவும் மெதுவாக வந்தது. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"ஏங்க, நீங்க போறதுன்னு நெனச்சுத்தானே எழுதினீங்க? இல்ல, வர்றதுன்னு எழுத நெனச்சீங்களா?"

உலகத்தில் இரண்டே பதில்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் அத்தை வருவார். மற்றதைச் சொன்னால் நான் மிஷ்ரா ஜியோடு இங்கேயே தங்க வேண்டியிருக்கும். யானைக் கொட்டாரம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் கூரை இல்லை.

"போறதுன்னுதாம்மா" என்றேன்.

"அதானே!" அவள் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும். எங்கம்மா போனதுலேருந்து வீடு வீடாவே இல்லன்னு உங்களுக்குத் தோணியிருக்கு. வாயால சொல்லக் கூச்சம். அதுக்குன்னு அரை நாள் லீவு போட்டு, கைடு வெச்சு, நவாப் கதையாவா சொல்லணும்? என்கிட்ட நேரா சொல்லக் கூடாதா?"

"கூச்சந்தான்" என்றேன்.

மிஷ்ரா ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றவும் விடவில்லை. "நல்ல மனசு மாறறதுக்குள்ள பேசிடுங்க" என்று பூங்கோதை போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். அவளே நம்பரை அழுத்தினாள். கும்பகோணத்துக்குப் பேச முதலில் சைபர், அப்புறம் ஊர் நம்பர், அப்புறம் வீட்டு நம்பர். மொத்தம் பத்து. அவள் விரல் ஏழோடு நின்றுவிட்டது.

"பூங்கோதை, ஏழு நம்பர்னா டெல்லிக்குள்ளதானே?"

"பேசுங்க, எடுத்துட்டாங்க."

மறுமுனையில் பள்ளிக்கூட மணி மாதிரி அந்தக் குரல். "யாரு?"

"நான்தான்… வாங்க அத்தை."

"காதுல விழலை. வாயைத் திறந்து சொல்லுங்க."

"வாங்க அத்தை!"

"இது அழைப்பு. சந்தோஷம் மாப்பிள்ளை."

"நீங்க… எங்கேருந்து பேசறீங்க?"

"கரோல் பாக்லேருந்துதான். ஹம்சா இல்ல, என் தங்கச்சி பொண்ணு, அவ வீட்ல. போன வாரமே வந்துட்டேன். பூங்கோதைதான் ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வந்து விட்டா. கூப்பிடாத வீட்டுக்கு நான் வர மாட்டேன் பாருங்க, அதான் இங்கயே உக்காந்திருந்தேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். பூங்கோதை காப்பி போடப் போயிருந்தாள். மூன்று டம்ளர் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப எப்ப வர்றீங்க அத்தை?"

"ஒரு மணி நேரத்துல ஆட்டோ வந்துடும். கீழ வந்து நில்லுங்க மாப்பிள்ளை, நாலு பெட்டி இருக்கு."