காலி சீட் பாய்

பிள்ளைகளே, ஆம்பூரில் கார் வைத்திருந்தவர்கள் போலீசைவிடக் காலி சீட் பாய்க்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

ஷூ கம்பெனியில் அவரும் நானும் கட்டிங் பிரிவு. ஒரு தோலை விரித்தால், அச்சை அப்படி இப்படித் திருப்பி வைத்து, மூலையில்கூட ஒரு துண்டு எடுத்துவிடுவார். விரலகலம் வீணானாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அதே கண்ணால்தான் ரோட்டையும் பார்த்தார். ரயில்வே கேட்டில் நிற்கும் கார்க் கண்ணாடியைத் தட்டுவார்.

“அஞ்சு சீட்டு, ஒரே ஆளு. மீதி நாலும் கட்டிங் வேஸ்ட்டா சார்?”

ஒருமுறை தட்டியது முதலாளியின் கார். அவர் பதில் யோசிப்பதற்குள், பஸ்ஸுக்கு நின்ற மூன்று பெண்களை பாய் உள்ளே ஏற்றிவிட்டார். முதலாளி வாணியம்பாடி வரை கொண்டுபோய் விட்டார்.

நம் தெருவில் அவரும் மற்றப் பத்து வீடும் சேர்ந்து ஒரே கார் வாங்கியது அவர் பேச்சைக் கேட்டுத்தான். ஒரே சட்டம்: கிளம்பும் முன், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏறிக்கொள்ள, போகிற ஊரை மூன்று முறை உரக்கக் கூவ வேண்டும். கல்யாணமான புதிதில் உங்கள் அம்மாவோடு வேலூர் கோட்டைக்குப் புறப்பட்டேன். வேண்டுமென்றே மெதுவாகக் கூவினேன்.

“இன்னாப்பா, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று பாயே எனக்காகக் கூவினார். பின் சீட்டில் பாகாயம் போகும் மெக்கானிக், அவர் மனைவி, இரண்டு கோழி.

திரும்பி வந்ததும் உங்கள் அம்மா, “நமக்குன்னு ஒரு வண்டி இருக்கக் கூடாதாங்க?” என்றாள்.

பொதுக் காரில் என் பங்கை விட்டு விலகி, சொந்தக் கார் வாங்கினேன். பாயிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரே நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

“நல்லா ஓட்டு தோஸ்த். நீ போய்ட்ட, இனிமே ஒவ்வொருத்தரா போய்டுவாங்க. அதான் பேஜாரு.”

அப்படியே ஆனது. பொதுக் காரை விற்றோம். தெருவில் பத்துக் கார் நின்றது.

போன வருடம் ஒரு காலை பாய்க்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டி வர முடியவில்லை. முதலில் மறித்து நின்றது நம் கார். சாவியைத் தேடி ஓடினேன். நம் காரை எடுத்தாலும் அதற்குப் பின்னால் இன்னும் ஆறு கார். கடைசியில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கார்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

“பத்து வண்டி, அம்பது சீட்டு. என்னிய நாற்காலில தூக்கினு போறீங்களேப்பா.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், நீங்கள் எழுந்திருக்கும் முன், காரை எடுத்துப்போய் ஊருக்கு வெளியே காலி மனையில் நிறுத்தினேன். நடந்தே திரும்பினேன். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் சருகும் கிடந்தன. துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கினேன்.